வேர்ட் மேக்ரோவை மற்றவர்கள் கணினியில் நிறுவுவது எப்படி? நார்மல்.டாட்எம் அனுப்பியதில் சிக்கல்

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. இரட்டை இடைவெளிகளை நீக்கி, மேற்கோள்குறிகளைச் சீராக்கும் மேக்ரோ (பல வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஒன்று என் வேர்டில் நன்றாக ஓடுகிறது. உடன் வேலை செய்பவர்களுக்கும் தர வேண்டும். என் நார்மல்.டாட்எம் கோப்பை (வேர்டின் அடிப்படை டெம்ப்ளேட்) ஒருவர் கணினியில் அப்படியே ஒட்டினேன். மேக்ரோ வந்தது, ஆனால் அவர் வைத்திருந்த ஸ்டைல், ஷார்ட்கட் எல்லாம் போய்விட்டன. இன்னொருவருக்கு மேக்ரோவோடு ஆவணத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். மேலே சிவப்புப் பட்டை வருகிறது, மேக்ரோ ஓடவில்லை. மேலும், வேலை முடிந்ததும் ஆவணத்தின் கடைசியில் 'சரி' என்று தமிழில் சேர்க்கப் பார்த்தால், மேக்ரோ எழுதும் குறியீட்டுச் சாளரத்தில் வெறும் கேள்விக்குறிகள்தான் விழுகின்றன.

பதில் 1:
முதலில் ஸ்டைல் போன நண்பரின் வேர்டைச் சரிசெய்யுங்கள். பழைய நார்மல்.டாட்எம் எங்காவது காப்பில் இருந்தால், வேர்டை மூடிவிட்டு அதைத் திரும்ப வையுங்கள். இல்லையென்றால், அவருடைய பழைய ஆவணம் ஒன்றிலிருந்து ஆர்கனைசர் (ஸ்டைல்களைக் கோப்புக்குக் கோப்பு நகலெடுக்கும் வேர்ட் சாளரம்) வழியாக ஸ்டைல்களை நார்மலுக்கு நகலெடுக்கலாம். ஷார்ட்கட்டையும் ஆட்டோடெக்ஸ்டையும் (சேமித்து வைத்த வாசகத் துண்டுகள்) அப்படி மீட்க முடியாது, மறுபடி அமைக்க வேண்டியதுதான். நார்மல்.டாட்எம் ஒருவரின் சொந்தக் கோப்பு. அதை யாருக்கும் அனுப்பக் கூடாது.

மேக்ரோவுக்கென்று தனி டெம்ப்ளேட் செய்யுங்கள். வெற்று ஆவணம் ஒன்றை 'மேக்ரோ எனேபிள்டு டெம்ப்ளேட்' வகையில், அதாவது டாட்எம் ஆகச் சேமியுங்கள். ஆல்ட்+எஃப்11 அழுத்தி, இடப்பக்கப் பட்டியலில் நார்மலின் கீழுள்ள மாட்யூலை (மேக்ரோ குறியீடு இருக்கும் பகுதி) இழுத்துப் புது டெம்ப்ளேட்டின் மேல் விடுங்கள். நகல் அங்கே போய்விடும். பதிவு செய்த மேக்ரோ என்றால் மாட்யூலின் பெயர் 'நியூமேக்ரோஸ்' என்றிருக்கும். அதை இப்போதே மாற்றிவிடுங்கள். பொத்தான் வைத்த பிறகு மாற்றினால், பொத்தான் பழைய பெயரைத் தேடி நிற்கும்.

மேக்ரோவை ஓட்டும் பொத்தானை குவிக் ஆக்சஸ் டூல்பாரில் (வேர்டின் சிறு பொத்தான் பட்டை) வையுங்கள். ஆப்ஷன்ஸில் அந்தப் பக்கத்தின் வலது மேல்மூலையில் கீழிறங்கு பட்டியல் ஒன்று உண்டு. அதில் 'எல்லா ஆவணங்களுக்கும்' என்பதை விட்டு, உங்கள் டெம்ப்ளேட்டின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். தேர்ந்தெடுத்தால்தான் பொத்தான் கோப்போடு கூடவே போகும். ரிப்பனில் கையால் சேர்த்த பொத்தான் உங்கள் கணினியிலேயே தங்கிவிடும்.

பெறுபவர் வேர்டை மூடிவிட்டு, இந்தக் கோப்பை வேர்டின் ஸ்டார்ட்அப் கோப்புறையில் போட்டால் போதும். விண்டோஸின் ஸ்டார்ட்அப் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். இடம் தெரியாவிட்டால் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, கடைசியில் 'ஃபைல் லொகேஷன்ஸ்' பாருங்கள். அது இருக்கும் ஆப்டேட்டா மறைந்த கோப்புறை என்பதால் எக்ஸ்ப்ளோரரில் தேடினால் கண்ணில் படாது.

பதில் 2:
சிவப்புப் பட்டைக்குக் காரணம்: இணையம், மின்னஞ்சல் வழியாக வரும் கோப்பில் விண்டோஸ் ஓர் அடையாளம் இடுகிறது. 2022 முதல் அப்படிப்பட்ட கோப்பின் மேக்ரோவை வேர்ட் இயல்பாகவே தடுக்கிறது. கோப்பின் மேல் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், ஜெனரல், கீழே 'அன்பிளாக்' டிக், ஓகே. ஜிப்பாக அனுப்பினால் பிரிப்பதற்கு முன்பே ஜிப்பை அன்பிளாக் செய்யச் சொல்லுங்கள். 'எல்லா மேக்ரோவையும் இயக்கு' என்ற அமைப்பை மட்டும் தயவுசெய்து யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள். நாளை வேறு யாரோ அனுப்பும் கெட்ட மேக்ரோவும் அதே கதவு வழியாக உள்ளே வந்துவிடும்.

தமிழ் விஷயம்: அந்தக் குறியீட்டுச் சாளரம் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் முறை) அறியாது, ஆன்சி (சில மொழிகளுக்கு மட்டுமான பழைய முறை) மட்டும்தான். தமிழுக்கென்று விண்டோஸில் ஆன்சி குறியீட்டுப் பக்கமே கிடையாது. ஆகவே எழுத்தின் யூனிகோடு எண்ணைக் கொடுங்கள். 'சரி' என்பதற்கு மூன்று எண்கள்: ச 2970, ர 2992, இகரக் குறி 3007. ஒவ்வொன்றையும் சிஹெச்ஆர்டபிள்யூ(2970) (ChrW, எண்ணை எழுத்தாக்கும் கட்டளை) என்பதுபோல் எழுதி, 'அண்டு' (&) குறியால் இணைத்துவிடுங்கள். ஆவணத்தில் சரியாக விழும். எம்எஸ்ஜிபாக்ஸில் (திரையில் செய்தி காட்டும் சிறு பெட்டி) காட்ட நினைத்தால் இப்படிச் செய்தாலும் கேள்விக்குறிதான் வரும். அதற்கு யூசர்ஃபார்ம் (நாமே வடிவமைக்கும் சாளரம்) ஒன்றில் லேபிள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பொத்தான் வந்துவிட்டது. ஆனால் அழுத்தினால் பிழையும் இல்லை, ஆவணத்தில் மாற்றமும் இல்லையே?

பதில் 1:
குறியீட்டில் 'திஸ்டாக்குமென்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். மேக்ரோ எந்தக் கோப்புக்குள் இருக்கிறதோ அதைத்தான் அது குறிக்கும். இப்போது மேக்ரோ டெம்ப்ளேட்டில் இருப்பதால், எதிரே திறந்திருக்கும் ஆவணத்தை விட்டுவிட்டு டெம்ப்ளேட்டையே துப்புரவு செய்கிறது. எல்லா இடத்திலும் 'ஆக்டிவ்டாக்குமென்ட்' என்று மாற்றுங்கள்.

திருத்தும்போது டெம்ப்ளேட்டை இரட்டைச் சொடுக்காதீர்கள், அதை வைத்துப் புது ஆவணம்தான் பிறக்கும். வேர்டுக்குள் ஃபைல், ஓப்பன் வழியாகத் திறங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஆமாம், நார்மலில் இருந்ததை விட்டு, மின்னஞ்சலில் அனுப்பிய ஆவணத்தின் மாட்யூலை இழுத்துவிட்டேன், அதில் இரண்டு இடத்தில் 'திஸ்டாக்குமென்ட்' இருந்தது. மாற்றியதும் ஓடுகிறது, 'சரி'யும் தமிழிலேயே விழுகிறது.