தாத்தாவின் பிஸ்கட் தகரத்தில் ஏழு தோட்டாக்கள்: என்ன செய்வது?

தோபாயோ பேத்தி எழுதியது:

போன மாதம் தாத்தா தவறிவிட்டார். சிங்கப்பூர் தோ பாயோவில் அவருடைய மூவறை வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். ஸ்டோர் ரூம் மேல்தட்டில் துருப்பிடித்த பிஸ்கட் தகரம் ஒன்று. பழைய ரசீதுகளுக்கு அடியில் ஏழு துப்பாக்கித் தோட்டாக்கள், பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியின் மூடி. தோட்டா கட்டைவிரல் பருமன் இருக்கும். சிவப்பு அட்டை உறை, அடியில் பித்தளை. இரண்டில் அட்டை உப்பியிருக்கிறது, பித்தளையில் பச்சைக் களிம்பு. தாத்தா இளவயதில் மலேசியாவின் ஜோகூரில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்.

இவ்வளவு பழசு இன்னும் வெடிக்குமா? நல்ல விலை போகும், இணையத்தில் போடு என்கிறார் மாமா. அத்தையோ குப்பைக் குழாயில் போடச் சொல்கிறார்.

ஈசூன் அண்ணன்:

இரண்டும் வேண்டாம் தங்கச்சி. தகரத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு போலீஸுக்கு 999-ஐ அழைத்து, தாத்தா வீட்டில் கிடைத்தது என்று சொல்லுங்கள். கையில் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போகாதீர்கள்.

கூலாய்க்காரர்:

அம்மா, நான் பிறந்தது ஜோகூரில் கூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். பால்மரக் கன்றைக் காட்டுப்பன்றி நாசம் செய்யும் என்று என் அப்பாவிடம் ஒரு 12 போர் (bore) துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை பிடித்தால் ஓர் உருண்டை என்ன அளவோ, அதுதான் அந்தக் குழலின் அளவு. அதனால்தான் அந்தப் பெயர். பன்றிக்கு எஸ்.ஜி. என்ற ரகத் தோட்டா போடுவார்கள், உள்ளே பட்டாணி அளவு ஈயக் குண்டுகள். தோட்டாவின் வாயை மூடியிருக்கும் வட்ட அட்டையிலேயே அது அச்சாகியிருக்கும்.

வெடிக்குமா என்றால், சும்மா கிடக்கும் தோட்டா தானாக வெடிப்பது அரிது. ஆனால் ஈரம் படாத வெடிமருந்து ஐம்பது அறுபது வருடம் கழித்தும் உயிரோடு இருக்கும். அட்டை உப்பியிருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மருந்து செத்துவிட்டதா என்று வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பித்தளையின் நடுவில் இருக்கிறதே மருந்தைப் பற்றவைக்கும் சின்ன கேப்பு, அதில் அடி பட்டால் போதும். துப்பாக்கிக்கு வெளியே என்பதால் உறை கிழிந்து பித்தளைத் துண்டு தெறிக்கும், கண் போய்விடும். களிம்பைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். குப்பைக் குழாயில் போட்டால் அது நேரே எரிப்பாலைக்குத்தான் போகும். அங்கே வேலை செய்கிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே?

விலைக்கு வருகிறேன். அனுமதி உள்ள நாடுகளில் சேகரிப்பவர்கள் தேடுவது 25 தோட்டாவோடு பிரிக்காத பெட்டியை. பெட்டியின் படமும் அச்சும்தான் பணம். களிம்பு ஏறிய உதிரித் தோட்டாவுக்கு கோப்பிக் காசுதான் கிடைக்கும். வயதைக் கணிக்கவும் பெட்டியில் உள்ள கம்பெனிப் பெயர்தான் உதவும். ஈலி, கைனாக் என்ற இரண்டு இங்கிலாந்துத் தோட்டாக் கம்பெனிகளும் 1918-ல் ஒரே நிறுவனத்துக்குள் வந்தன. அந்த நிறுவனமும் வேறு சிலவும் சேர்ந்து ஐ.சி.ஐ. என்ற பெரிய ரசாயனக் கம்பெனி உருவானது 1926-ல். ஆக ஐ.சி.ஐ. என்று இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பிளாஸ்டிக் உறை 1960-ல்தான் சந்தைக்கு வந்தது, அட்டை உறை அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஓடியது.

ஆனால் இங்கே சிங்கப்பூரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் ஆயுதக் குற்றச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு சிறை, ஆறு பிரம்படிக்குக் குறையாது. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள், விளம்பரம் கிளம்பரம் போட்டுவிடப் போகிறார். ஜோகூருக்கே திருப்பி எடுத்துப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால், எல்லையில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்றைக்கே கூப்பிடுங்கள் அம்மா, நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

தோபாயோ பேத்தி:

ஐயா, அண்ணன், இருவருக்கும் நன்றி. நேற்றே அழைத்தேன். வந்தவர்கள் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஏழையும் எடுத்துப் போனார்கள். யார் பார்த்தது, எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். மூடியைப் புரட்டிப் பார்த்து என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

மேலே ஐ.சி.ஐ. என்றுதான் இருக்கிறது. உள்பக்கம் பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள், ஐந்தைந்தாகக் குறுக்கே அடித்து. எண்ணினேன், 18.

கூலாய்க்காரர்:

18-ம் 7-ம் 25 அம்மா. முழுப் பெட்டிக்கும் கணக்கு. என் அப்பா சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) காலி உறையைக் காட்ட வேண்டும். மலாயாவின் அவசர காலத்தில் (1948-60) ஒன்று குறைந்தாலும் காட்டுக்காரர்களுக்கு, அதாவது கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குக் கொடுத்தாயா என்று கேட்பார்கள், அவ்வளவு பயம். உங்கள் தாத்தாவும் சுடச் சுட ஒரு கோடு இழுத்திருக்கிறார்.

மூடியை லேமினேட் செய்யாதீர்கள், அட்டை கெட்டுவிடும். பென்சிலைத் துடைக்காமல், வெயில் படாத அலமாரியில் வெள்ளைத் தாளில் சுற்றி வையுங்கள்.