நண்பகல் மின்தடையும் கூரைச் சூரியத் தகடுகளும்

மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதா, புதுப்பிக்கத்தக்க ஆற்றலை வளர்ப்பதா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. முறைவைத்து மின்சாரம் நிறுத்தப்பட்ட ஒரு கோடையில் எங்கள் குடியிருப்பில் கண்டதே அதற்குக் காரணம்.

கூரை நிறையச் சூரியத் தகடுகள் இருந்தன, வெயிலும் உச்சத்தில் இருந்தது. ஆயினும் நண்பகலில் மின்தடை தொடங்கிய நொடியிலேயே அவற்றின் உற்பத்தியும் நின்றுபோனது. கடன் வாங்கித் தகடு பொருத்தியிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் கொதித்துப் போனார். பார்க்க வந்த மின்பணியாளர் அவருக்குப் பொறுமையாக விளக்கினார்: பேட்டரி இல்லாமல் ஊர் மின்கட்டமைப்போடு மட்டும் இணைந்த இன்வெர்ட்டர் (தகடு தரும் மின்சாரத்தை வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி), வெளியிலிருந்து மின்சாரம் வராதபோது தானாகவே நின்றுவிடும், அப்படி நிற்காவிட்டால், மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பியில் கைவைக்கும் தொழிலாளியின் உயிர் போய்விடும். ஆக, பற்றாக்குறையைச் சமாளிக்கச் செய்த மின்தடை, அந்தப் பற்றாக்குறையைக் குறைத்துக்கொண்டிருந்த உற்பத்தியையே முடக்கியிருந்தது.

இணைப்பைத் துண்டிப்பதைவிட, பயன்பாட்டுக்கு வரம்பு வைப்பதே மேல் என்ற எண்ணம் எனக்கு அன்றுதான் உறுதிப்பட்டது. ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்துக்குப் பின் 2011 மார்ச்சில் டோக்கியோவைச் சுற்றிய பகுதிகளில் சுழற்சி முறை மின்தடையைக் கடைப்பிடித்த ஜப்பான், அந்தக் கோடையில் வேறு வழியை நாடியது: 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்சாரம் பெற ஒப்பந்தம் கொண்ட பெரும் பயனாளர்கள் உச்சநேரப் பயன்பாட்டை 15 சதவீதம் குறைக்க வேண்டுமென உத்தரவிட்டது, வீடுகளிடம் வேண்டுகோள் மட்டுமே விடுத்தது. அடுத்த ஆண்டு ஜூலையிலேயே புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை நிலையான விலைக்கு வாங்கும் திட்டமும் அங்கே நடைமுறைக்கு வந்து, சூரிய மின்னுற்பத்தி விரைந்து பெருகியது. சிக்கனம் அன்றைய நெருக்கடியைத் தாங்கியது, புதிய உற்பத்தி அடுத்து வரும் ஆண்டுகளைப் பார்த்துக்கொண்டது.

எங்கள் அளவில், தண்ணீர் மோட்டார்களையும் துணி துவைக்கும் இயந்திரங்களையும் நண்பகலுக்கு மாற்றினோம். சூரியன் சாயும் நேரத்தில்தான் எல்லா வீடுகளிலும் விளக்கும் அடுப்பும் குளிர்சாதனமும் ஒருசேர ஓடத் தொடங்குகின்றன. கட்டுப்பாடு உண்மையில் தேவைப்படுவது அந்தச் சில மணி நேரத்துக்குத்தான். பகல் மின்சாரத்தை அந்த நேரத்துக்குச் சேமித்துவைக்கும் பேட்டரியின் விலையோ பலருக்கு எட்டாதது.

தீராமல் நிற்பது வாடகைக்குக் குடியிருப்போரின் நிலை. கூரையில் அவர்களுக்கு உரிமையில்லை, மின்தடையின் சுமை மட்டும் முழுதாக அவர்கள்மேல் விழுகிறது. கூரை மின்சாரத்தில் வாடகைதாரருக்கும் பங்கு கொடுத்த குடியிருப்புகளில் வசிப்பவர்கள், கணக்கை எப்படிப் பிரித்தீர்கள் என்பதை இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.