சாம் எறிஞ்ச சட்டி

மாய உலகக் கதையள் வாசிச்ச அனுபவம் கேட்டியள். நான் ஒரு சட்டியைப் பற்றித்தான் எழுதப்போறன்.

டோல்கீன்ர ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ (1954–55) தொடக்கத்தில சரியான இழுவை. ஆருக்கு ஆர் மச்சான் எண்டு பரம்பரைக் கணக்கு, கடைசியில நாட்காட்டி, எழுத்துமுறை வேற. மனுசன் ஒக்ஸ்ஃபோர்ட்டில பழைய ஆங்கிலம் படிப்பிச்சவர். மொழியை முதல் செய்துபோட்டு, அதைப் பேச ஆக்களைப் பிறகு செய்தவர். கதையில எந்த இரவுக்கு எந்தப் பிறை எண்டுகூடப் பார்த்துத் திருத்தினவர். இவ்வளவு எதுக்கு எண்டு எரிச்சல்தான் வந்தது, மூண்டாம் பாகம் வரைக்கும். மொர்டோர் எண்ட எதிரி நாட்டில, கதாநாயகனோட கூடப் போற சாம், பாரம் தாங்கேலாமல், அவ்வளவு தூரம் காவிவந்த சமையல் சட்டியளை வெடிப்புக்குள்ள எறியிறான். விழுற சத்தம் அவனுக்குச் சாவுமணி மாதிரிக் கேக்குது.

96ல சண்டை வந்து கிளிநொச்சியால வெளிக்கிட்டு அக்கராயன் பக்கம் நடக்கேக்க, அம்மா முதல் தையல் மெசினை விட்டா. பேந்து கிடாரத்தை. அதை ஒரு வேலியோட கவிட்டு வைச்சா, உள்ளுக்குத் தூசு போகாமல்.

*

மேல எழுதினவருக்கு நான் நேர்மாறு. சி.எஸ். லூயிஸ் எழுதின நார்னியாக் கதையள்தான் எனக்குப் பிடிச்சது. 1950இல இருந்து வருசத்துக்கு ஒண்டா ஏழு புத்தகம். பனிக்காட்டுக்குள்ள ஒரு தெருவிளக்கு எரியுது. ஆட்டுக்கால் மனிசன் ஒருத்தன் குடையும் பார்சலுமா வாறான். விளக்கு எப்பிடி வந்தது எண்டதை ஆறாவதா வந்த புத்தகத்திலதான் சொல்லுவார். கிரேக்கப் புராண ஆக்களும் நத்தார் தாத்தாவும் ஒரே கதைக்குள்ள நிக்கினம். நண்பரா இருந்தும் டோல்கீனுக்கு இந்தச் சாம்பார் பிடிக்கேல்லை. எங்களுக்கென்ன? வேதாளம் தொங்கிற முருங்கை எந்த ஊர் முருங்கை எண்டு கேட்டிருந்தால் ஆச்சி குட்டியிருப்பா.

கரண்ட் இல்லாத மல்லாவியில, ஜாம் போத்தல் விளக்கில வாசிச்ச எனக்கு, நடுக்காட்டில தன்ரபாட்டில எரியிற விளக்குத்தான் பெரிய மாயம்.

*

மேல எழுதின ரெண்டு பேரும் எழுத்தாளர் உர்சுலா லெ குவினைச் சொல்லேல்லையே! ‘எ விசார்ட் ஒஃப் எர்த்சீ’, 1968. மெல்லிய புத்தகம். தீவுகளின்ர வரைபடம் இருக்குத்தான், ஆனா அந்த உலகத்தைத் தாங்கிறது ஒரு விதி: ஒண்டின்ர மெய்ப்பெயர் தெரிஞ்சால் அது உன்ர கைக்குள்ள. கதாநாயகன் கெட் எண்ட தன்ர மெய்ப்பெயரை நம்பின ஆக்களுக்கு மட்டும் சொல்லுவான். ஊருக்கு அவன் ஸ்பரோஹோக். எங்கட ஆக்கள் மாதிரிப் பழுப்புத் தோல்காரன், அதுவும் பிடிச்சது.

இந்த விதியை எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. முத்தையன்கட்டுக் காட்டுக்குத் தேன் எடுக்கப் போகேக்க யானையை யானை எண்டு சொல்ல அப்பு விடமாட்டார். “பெரியவர் நிக்கிறார்”, அவ்வளவுதான். ஒருக்கா வாய்தவறிச் சொல்லிப்போட்டன். அப்பு ஏசேல்லை. வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.