மறுபடி: மறுபடி: கிளிநொச்சி மரதன் – நாளும் பாதையும் (காசு பிறகு)

அண்ணைமார், அக்காமார், தம்பி தங்கையர் எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சங்கம் நடத்த நினைக்கிற மரதனைப் பற்றி லண்டன் தம்பி எழுதிய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒரு வீட்டுக்கு 200 பவுண் பங்குக்காசு, அடுத்த மாசி நடுவில் ஒரு ஞாயிறு, நகரத்தில் தொடங்கி ஆனையிறவு போய்த் திரும்பி, கரடிப்போக்குச் சந்தியில் மடங்கி நம்முடைய வாய்க்கால் றோட்டால் ஊருக்குள் வந்து, ஊர் வாசல் வளைவுக்குக் கீழால் ஓடி, மீண்டும் நகரம். படம் நல்லாய்த்தான் கீறியிருக்கிறார். காசைப் பற்றி ஒஸ்லோ அண்ணை எப்படியும் எழுதுவார், அதை அவரிடம் விடுகிறேன். நான் இந்த மாசியில் ஊரில் நின்றவள். கண்டதைச் சொல்கிறேன்.

போய் நாலாம் நாள் காலமை, வளைவுக்கு அங்கால் மாமா றோட்டின் ஒரு கரையில் நெல் பரவியிருந்தார். பஸ் ஏறாமல் இருக்கக் கல்லும் கிளுவங் கதியாலும் வரிசையாக வைத்திருந்தார். எப்போதும் போலக் காலால் கிண்டிப் புரட்டிக்கொண்டு போனவர், திடீரென்று நின்று ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கால் மஞ்சள். நெல்லை விலக்கினால் தாரில் ஆள் நீளத்துக்கு ‘33’ என்று மரதனுக்கான கிலோமீட்டர் இலக்கம். முதல் நாள் பின்னேரம் இரண்டு பெடியள் மோட்டார் சைக்கிளில் வந்து மீற்றரைப் பார்த்துப் பார்த்து எழுதிவிட்டுப் போனார்களாம். எனாமல் பெயின்ற் காயவில்லை. மாமா விடியப்புறம் மங்கலில் அதற்கு மேல் நெல்லைக் கொட்டிவிட்டார். மூன்றின் வளைவில் நெல்மணிகள் நெருக்கமாய் ஒட்டி நின்றன. நானும் மச்சாளும் இருந்து நகத்தால் கிள்ளி எடுத்தோம். உமி வந்தது, மஞ்சளும் வந்தது.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக இதை விளக்க வேண்டும், குறை நினைக்கவேண்டாம். மாமா றோட்டில் நெல் பரவுவது சோம்பலால் அல்ல. வெட்டு மெசினால் வெட்டிய நெல் பச்சையாய்த்தான் வரும். ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபை முழு விலைக்கு எடுக்காது. தனியார் எடுப்பார்கள், ஆனால் மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்று தாங்களே சொல்லித் தாங்களே எழுதிக்கொள்வார்கள். பழைய காலத்தில் சூடு மிதித்த களங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? வீடாகவும் வளவாகவும் போய்விட்டன. வாய்க்கால் பகுதி முழுக்கத் தட்டையாய், வெயில் படுகிற, மண் ஒட்டாத ஒரே இடம் தார் றோட்டு. காலபோக வெட்டுக் காலத்தில் அந்த றோட்டின் பாதி நெல்லுக்குத்தான். அந்த நாட்களில் மரணவீட்டு வாகனம்கூட மெல்லத்தான் போகும்.

இனி நாளைப் பார்ப்போம். ஏன் மாசி நடு? வெளிப்படையாகக் கதைப்போமே. இங்கிலாந்தில் அந்த வாரம் பள்ளிக்கூட அரைத்தவணை லீவு. எங்களுக்குச் சூரிச்சிலும் பெப்ரவரியில்தான் பனிக்கால லீவு. கனடாக்காரருக்கு மார்ச்சில், ஆகவே அவர்களுக்கு எப்படியும் ஒத்துவராது. நம்முடைய பிள்ளைகளின் லீவைப் பார்த்து நாள் வைத்திருக்கிறோம். வெட்டு மெசின் எந்தக் கிழமை ஊருக்கு வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்படியானால் எந்த மாதம்? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது எத்தனை வீடு தண்ணீருக்குள் நின்றது என்று இந்தக் குழுவில்தானே இரவிரவாக எழுதினோம். கார்த்திகையை அது இல்லாவிட்டாலும் தொட ஏலாது, ஏன் என்று எழுதத் தேவையில்லை. சித்திரை நடுவில் சூரியன் நேரே தலைக்கு மேல். வைகாசி – அந்த மாதத்தில் அங்கே ஒருவரும் போட்டி வைக்கமாட்டார்கள். ஆடி ஆவணியில் புழுதிக் காற்று, சிறுபோக வெட்டு, திரும்ப நெல். எனக்குத் தெரிந்த மட்டில் ஒரு இடுக்குத்தான் இருக்கிறது. தைப்பொங்கல் முடிந்து வருகிற ஞாயிறு. வயலில் கதிர் நிற்கும், விடியப்புறம் பனி இருக்கும், றோட்டு வெறுமையாய் இருக்கும். மழை ஒரு நாள் பெய்யலாம்தான். நனைந்த ஓட்டக்காரனைத் துடைத்து எடுக்கலாம். நனைந்த நெல் முளைத்துவிடும்.

பாதைக்கு வருகிறேன். தம்பி, மரதன் என்றால் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டனில் ஓடிய தூரம், 1921இல் அதையே உலகத்துக்கும் நிரந்தரமாக்கினார்கள். நீங்கள் இருக்கும் ஊரில் பிறந்த கணக்கு, உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை மோட்டார் சைக்கிள் மீற்றரில் அளக்கமுடியாது. சைக்கிளின் முன்சில்லில் ஜோன்ஸ் கவுண்டர் என்று ஒரு சின்னக் கருவி பூட்டுவார்கள். முதலில் இரும்பு நாடாவால் அளந்த ஒரு நேர்த் துண்டில் ஓட்டிச் சரிபார்த்து, பிறகு ஓடுகிறவன் எடுக்கக்கூடிய ஆகக் குறுகிய கோட்டில், வளைவுகளில் கரையில் இருந்து ஒரு அடி விட்டு அளப்பார்கள். அதற்கு மேல் ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது 42 மீற்றர், பாதுகாப்புக்குச் சேர்ப்பார்கள். குறைந்தால் ஓடியவன் நேரம் எங்கும் செல்லாது. அப்படி அளந்தால் அந்த 33 மாமாவின் நெல்லுக்குக் கீழேயே வராது, பக்கத்து வீட்டுப் படலையடியில் வரும். அது வேறு சண்டை.

தொடங்கும் நேரம் ஆறரை என்று போட்டிருக்கிறீர்கள். விருந்தினர் வரவேண்டும், ட்ரோன் படத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்றுதான் இருக்கும். ஐந்து மணித்தியாலத்தில் முடிக்கிற ஆள் 33ஆம் கிலோமீட்டருக்கு வரும்போது பத்தரை ஆகும். 30 தாண்டினால் உடம்பில் சேர்த்த மாச்சத்து தீர்ந்து கால் சொல்வழி கேட்காது. அந்த நேரத்தில் வாய்க்கால் றோட்டில் ஒரு மரநிழல் இல்லை. நெல்லுக்கு அருமையான வெயில். மரதன் வைப்பதென்றால் விடிய ஐந்துக்கு, இருட்டில், தொடங்க வேண்டும். படம் கடைசியில் எடுக்கலாம்.

என் யோசனை, ஊருக்குள் வரவேண்டாம். விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியடியில் தொடங்கி, ஏ9 வீதியால் பரந்தன், ஆனையிறவு கடந்து, இயக்கச்சிப் பக்கம் வரை போய் வந்தவழியே திரும்பினால் கிட்டத்தட்ட 42 வரும். அளந்துதான் சரியான திரும்புமிடம் வைக்கவேண்டும். முகமாலைக்குக் கிட்டப் போகத் தேவையில்லை. அந்தப் பக்கம் எவ்வளவு மிதிவெடி எடுத்தார்கள் என்பது தெரிந்ததுதான். ஓடுகிறவன் அவசரத்துக்குப் பற்றைக்குள் ஒதுங்குவான், பதாகையை வாசித்துக்கொண்டு நிற்கமாட்டான். ஆனையிறவு வெளியில் வாடைக்காற்று போகும்போது முகத்தில் அறையும், வரும்போது முதுகைத் தள்ளும். கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்கு அது நல்லதுதான்.

ஏ9 வீதியை மூடலாமா? முழுதாக முடியாது. பரந்தனுக்கு வடக்கே போகும் வாகனங்களைப் பூநகரி வழியாக விடலாம், 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு அது முடியும். ஆனால் நகரத்துக்கும் பரந்தனுக்கும் இடையில் எல்லோருக்கும் அந்த ஒரே வீதிதான். அங்கே ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கவேண்டும். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற அம்புலன்ஸ் எந்த வழியால் போகும் என்று எழுத்தில் இல்லாமல் ஒரு சதமும் தரமாட்டேன்.

ரொறன்ரோ மருமகனும் ஒரு பாதை அனுப்பியிருந்தார். பரந்தனில் கிழக்கே திரும்பி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பில் முடிவு. ‘நேர் வீதி, மேடு பள்ளம் இல்லை, தூரமும் அச்சொட்டாய் வருகிறது’ என்று. மருமகன் அங்கே பிறந்தவரும் இல்லை, இறுதிப் போர் நடந்த 2009இல் அங்கே நின்றவரும் இல்லை, அவரில் பிழை இல்லை. தொடக்கமும் முடிவும் இவ்வளவு தள்ளி இருந்தால் சாதனைப் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள் என்று மட்டும் அவருக்குப் பதில் போட்டேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவ சொன்னது: ‘அந்த றோட்டில ஒருக்கா ஓடினது காணும்.’

– வாய்க்கால் முனை வீட்டு இரண்டாமவள், சூரிச்

*

தங்கச்சிக்கு,

நெல், நெல், நெல். யாழ்ப்பாணத்தான் எதையாவது நடத்தினால் உலகம் பார்க்கிறது, நாங்கள் நடத்தப்போனால் நெல் காய்கிறது. ஊருக்குள் வராத மரதனுக்கு ஊர்ச் சங்கம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? இயக்கச்சியாரிடம் வாங்குங்கள்.

எங்கள் காலத்தில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, வெறுங்காலோடு பள்ளிக்கூடம் வரை ஓடினோம். தண்ணீரும் இல்லை, ஜோன்ஸும் இல்லை. மடியில் கட்டின கச்சானைக் கொறித்துக்கொண்டு வந்து முதலாவதாக வந்தேன். (வாத்தியார் வீட்டுக்காரர் வேறு மாதிரிச் சொல்வார்கள். சொல்லட்டும்.)

வளைவு அப்பாவின் பெயரில் இருப்பதால்தான் சிலருக்குப் பாதை கசக்கிறது என்பது எனக்கு விளங்கும். திறப்பு விழாவுக்கு வராதவர்கள் யார் என்றும் ஞாபகம் இருக்கிறது. சரி, நெல் காய ஒரு தளம்தானே வேண்டும்? நான் கட்டித் தருகிறேன். அப்பாவின் பெயரை ஒரு மூலையில் போட்டால் போதும்.

– பெரியண்ணை, ஸ்காபரோ

*

1. தளம் யாருடைய காணியில்? உறுதியின் பிரதி வேண்டும்.

2. 500 பேர் ஓடினால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப்பந்தல் என்று எட்டு. ஆளுக்கு இரண்டு கோப்பை வைத்தாலும் 8,000 கோப்பை. லண்டன் தம்பியின் கணக்கில் 2,000 இருக்கிறது. மிச்ச 6,000 கோப்பைக்கும் கையை ஏந்தச் சொல்வதா? தண்ணீர்ப் பவுசர் வாடகை எங்கே? குப்பை யார் அள்ளுவது?

3. மஞ்சள் பெயின்ற் யார் காசில் வாங்கினது? கூட்டத்தில் இன்னும் தீர்மானமே எடுக்கவில்லை. சங்கக் கணக்கில் என்றால் பற்றுச்சீட்டு அனுப்பவும்.

4. சனசமூக நிலையக் கூரைக்கு வாங்கிய சீமெந்தில் 14 பை பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. மரதனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதவேண்டாம். இருக்கிறது.

தைப்பொங்கலுக்குப் பிந்திய ஞாயிறு எனக்குச் சரி. அந்த நேரம் ரிக்கற் விலையும் இறங்கியிருக்கும்.

– ஒஸ்லோ

*

எல்லோருக்கும் வணக்கம். மாமா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், பிழை இருந்தால் எனது.

பொங்கலுக்குப் பிந்திய ஞாயிறு என்றால் நம் பக்கம் அநேகமாக ஒருவரும் வெட்டியிருக்கமாட்டார்களாம். ஆனால் முந்தி விதைத்தவர்கள் வெட்டுவார்களாம், ஆகவே கமக்காரர் அமைப்பில் ஒருக்காக் கேட்டுவிட்டு நாள் வையுங்கள் என்கிறார். கேட்டதே இல்லையே என்று இரண்டு தரம் சொன்னார்.

பாதை எதுவானாலும் அவருக்குச் சரியாம். ஊருக்குள் பிள்ளைகள் ஓடிவந்தால் வாய்க்காலடியில் நின்று தண்ணீர் கொடுக்க ஆசையாம். பெரிய மாமா கட்டுகிற தளத்தைப் பற்றிக் கேட்டேன், சிரித்தார்.

முதலில் வந்த வியாபாரி சாக்கைக் குத்திப் பார்த்துவிட்டு, மஞ்சள் மணியைக் காட்டி எல்லா மூடைக்கும் கழிவு வைத்தான். மாமா கொடுக்கவில்லை. பிறகு நாங்கள் நாலு பேர் படங்கில் இருந்து ஒரு நாள் முழுக்கப் பொறுக்கினோம். பெயின்ற் பட்டது அரைச்சாக்கு வந்தது. கோழிக்கும் போடமுடியாது. அதைத் தனியாகக் கட்டி மாலுக்குள் வைத்திருக்கிறார். சங்கத்தில் இருந்து யார் வந்தாலும் காட்டுவாராம்.

– மருமகள், ஊரிலிருந்து