விட்டுப்போன ஃபாஸ்டிங்கை மீண்டும் பிடித்தவர்கள்: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

கீழமாசி வீதியிலிருந்து ஒருவர்:

தினமும் சில மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்து, மீதி நேரம் வயிற்றைக் காலியாக விடுவதுதான் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங். சித்திரைத் திருவிழாவோடு அது விட்டுப்போனவர்கள் நம்மில் நிறையப் பேர். அதற்காக யாரும் மனம் நொந்துகொள்ள வேண்டாம். கொடியேற்றம் முதல் அழகர் மலைக்குத் திரும்பும் வரை மதுரையில் எந்த வீட்டில் நேரத்துக்கு அடுப்பு அணைகிறது? வெளியூர்ச் சொந்தங்கள் வந்து தங்குகிறார்கள். எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளத்தில் விடிய விடிய நிற்கிறோம். மண்டகப்படிக்கு மண்டகப்படி பானகமும் புளியோதரையும் கொடுக்கிறார்கள். அது ஓய்ந்தால் வைகாசி முகூர்த்தங்கள், காதணி விழாக்கள். மொய் எழுதிவிட்டு இலையில் உட்காராமல் கிளம்பினால் அழைத்தவர் முகம் வாடிவிடும். நம் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

எனக்கும் அப்படித்தான் விட்டுப்போனது. மீண்டும் பிடித்த விதத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். திரும்ப வருகிறவர்கள் பெரும்பாலும் காலைச் சாப்பாட்டில் கைவைக்கிறார்கள். மறுநாளே பதினாறு மணி நேரம் என்று இறங்குகிறார்கள். பதினொரு மணிக்குத் தலைவலி, எரிச்சல், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கைவிடல். என் அனுபவத்தில் மதுரைக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் உடைவது காலையில் அல்ல, இரவில்தான். ஆகவே ஒட்ட வேண்டியதும் இரவில்தான்.

நான் மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கடை சாத்த இரவு ஒன்பதரை ஆகும். வெளியே வந்தால் கீழவாசலிலிருந்து சிம்மக்கல் வரை பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம்தான். தூங்கா நகரம் என்று ஊருக்குப் பெயர் வந்ததில் இந்தக் கடைகளுக்கும் பங்கு உண்டு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாலும் பத்தரை, கடையில் சாப்பிட்டால் பதினொன்று. பதினொரு மணிக்குக் கறிதோசை சாப்பிட்டவர் மறுநாள் எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டால் இடைவெளி ஒன்பது மணி நேரம். அதிலிருந்து பதினாறுக்குத் தாவுவது யாருக்கும் கடினம்.

அதனால் இந்த முறை காலை இட்லியை முதலில் தொடவே இல்லை. இரவுச் சாப்பாட்டை மாலை ஏழு மணிக்குக் கடைக்கே கொண்டுவந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டோடு இன்னொரு டப்பாவும் வரும். ஏழு மணிக்கு லாரியிலிருந்து சரக்கு இறங்கும் நேரம் என்பதால் முன்பக்கம் உட்கார இடம் இருக்காது. பின்கட்டில் மல்லி மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்வேன். மிளகாய் வற்றல் மூட்டை பிரித்த நாளில் மூடியைத் திறந்ததும் தும்மல் வந்துவிடும், அன்றைக்கு மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பாசிப்பயறு, ஒரு முட்டை, பொரியல். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடை சாத்தி வெளியே வரும்போது வயிறு நிறைந்திருக்கும், கல்லின் சத்தம் காதில் விழுமே தவிரக் காலை இழுக்காது.

முதல் வாரத்தில் பத்தரை மணிக்குப் பசித்தது உண்மை. கிரெலின் என்ற பசி ஹார்மோன் நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி ஏறுகிறது. சாப்பிடாவிட்டாலும் சிறிது நேரம் கழித்துத் தானாகவே இறங்குகிறது. சாப்பாட்டு நேரத்தை மாற்றிச் சில நாள் நிலையாக வைத்தால் பசியும் புது நேரத்துக்கு நகர்ந்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பத்தரை மணிப் பசியைக் கண்டு எனக்குப் பயம் போய்விட்டது. வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். மாலை ஏழு முதல் காலை எட்டு வரை பதின்மூன்று மணி நேரம் பழகிய பின் காலைச் சாப்பாட்டை ஒன்பதுக்குத் தள்ளினேன். அது பழகிய பின் பதினொன்றுக்கு. பால் சேர்க்காத காப்பி காலையில் ஒரு டம்ளர் உண்டு, தண்ணீருக்குக் கணக்கே கிடையாது. கத்திரி வெயிலில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு விரதம் என்று இருப்பது ஆபத்து.

சோர்வு வருவது பெரும்பாலும் எடை இயந்திரத்தில் ஏறி நிற்கும்போதுதான். அதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தொடங்கிய சில நாளில் கிடுகிடுவென்று குறைவதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேமித்த மாவுச்சத்து ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சேமிப்பு குறைந்தால் தண்ணீரும் போகிறது, எடையும் இறங்குகிறது. விருந்தில் சோறும் இனிப்பும் உப்பும் சேர்ந்தால் இரண்டே நாளில் எல்லாம் திரும்பி வருகிறது. திருவிழா முடிந்து எடை பார்த்து, பட்ட பாடெல்லாம் வீண் என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீண் இல்லை ஐயா. ஏறியதில் கொழுப்பு கொஞ்சம்தான், மீதி தண்ணீர்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கடிகாரத்தில் மந்திரம் எதுவும் இல்லை. சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு 2022இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. எல்லோருமே கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டார்கள். அவர்களுக்குச் சராசரியாக 8 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 6.3 கிலோ. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இது அல்ல என்பதே ஆய்வாளர்களின் முடிவு. இதைப் படித்துச் சிலர் மனம் விட்டுவிட்டார்கள். எனக்கோ தெம்பு வந்தது. நேரம் என்பது குறைவாகச் சாப்பிட உதவும் ஒரு வேலி, அவ்வளவுதான். இரவு ஒன்பதுக்கு மேல் உள்ளே போகும் பரோட்டாவையும் சால்னாவையும் அந்த வேலி தடுக்கிறது, எனக்கு அது போதும். ஆனால் வேலிக்கு உள்ளே சோற்றை மலையாகக் குவித்தால் பலன் இல்லை. புரதமும் நடையும் இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைப்பவர்களுக்கு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றைச் சொல்வேன். 96 பேர் புதிய பழக்கம் ஒன்றைத் தினமும் செய்துவந்தார்கள். அது தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளே போதும் என்றும், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்றும் கணித்தார்கள். நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. காதணி விழாவுக்குப் போன ஒரு நாள் அந்த ஒரு நாள்தான். மறுநாள் மாலை ஏழு மணிக்கு டப்பாவைத் திறந்துவிட்டால் தொடர்ச்சி அறுபடவில்லை.

திருமங்கலத்திலிருந்து ஓர் இல்லத்தரசி:

அண்ணன் எழுதியது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பொருந்தும். சமைக்கிறவர்களின் பாடு வேறு. எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணிக்குத்தான் தோசைக்கல் அடுப்பில் ஏறும். குழம்புக்கு உப்புப் பார்க்க வேண்டும், பிள்ளைகள் தட்டில் மீதி வைத்த அரைத் தோசையைக் குப்பையில் போட மனம் வராது. வாயில் போட்டுக்கொண்டுதான் தட்டைக் கழுவுவேன். ஃபாஸ்டிங் விட்டுப்போனது விருந்தினால் அல்ல, அந்த அரைத் தோசைகளால்.

மீண்டும் தொடங்கியபோது என் நேரத்தை மாற்றுவதை விட வீட்டின் நேரத்தை மாற்றினேன். டியூஷன் முடிந்து பிள்ளைகள் ஆறே முக்காலுக்கு வருகிறார்கள். சுண்டலோ பிஸ்கட்டோ கொடுப்பதற்குப் பதில் அப்போதே இரவுச் சாப்பாடு. நானும் அவர்களோடு உட்கார்ந்துவிடுகிறேன். அவர் வரும்போது ஹாட் பாக்ஸில் இட்லி இருக்கும், சட்னி தாளித்துக் கொடுத்தால் போதும். தோசை சனி, ஞாயிறுகளில்தான்.

இதில் கடினமாக இருந்தது பசி அல்ல. கணவர் வருவதற்கு முன்னால் மனைவி சாப்பிடுவதா என்று மாமியார் கேட்டார்கள். எதிர்த்துப் பேசவில்லை. அத்தை, நீங்கள் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் ஒருபொழுது இருந்து திருப்பரங்குன்றம் போய் வருகிறீர்களே, அதுபோல எனக்கும் ஒரு கட்டுப்பாடு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு ஏறிய எடையும் முழங்கால் வலியும் அவர்களுக்குத் தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளை மீதி வைத்த தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக் கழனித் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார்கள். இப்போது ஏழு மணிக்கு மேல் நான் அடுப்படியில் நின்றால் உப்பைப் பார்ப்பது அவர்கள்தான். வீட்டில் ஒருவர் நம் பக்கம் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. தனியாகப் போராடுகிறவர்கள் முதலில் அந்த ஒருவரைத் தேடுங்கள்.

மேலூரிலிருந்து ஒரு செவிலியர்:

இரவுப் பணி இருப்பதால் எனக்கு ஏழு மணிக் கணக்கு ஒத்துவராது. இரவுப் பணி வாரத்தில் பன்னிரண்டு மணி நேர இடைவெளியோடு நிறுத்திக்கொள்கிறேன், பகல் பணி வாரத்தில் பதினான்கு. அதற்கு மேல் ஆசைப்படுவதில்லை.

நான் எழுத வந்தது வேறு ஒன்று. என் சித்தப்பா சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர். யாரோ சொன்னதைக் கேட்டுக் காலைச் சாப்பாட்டை விட்டார், மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். பத்து மணி சுமாருக்குக் கை நடுங்கி, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்து, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். அளந்தால் சர்க்கரை 70க்குக் கீழே. விழுங்கும் நிலையில் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். இன்சுலின் போடுகிறவர்களும் இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளாமல் ஒரு வேளையையும் விடக் கூடாது. முதல் தடவை ஒத்துக்கொண்டதே என்று இரண்டாம் தடவை அலட்சியம் வேண்டாம். நடுவில் மருந்து மாறியிருக்கலாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சாப்பாட்டைக் கண்டு பயப்படும் நோய் இருந்தவர்கள் இதில் இறங்கவே வேண்டாம்.

காஜிமார் தெருவிலிருந்து ஒருவர்:

ரமலானில் தண்ணீர்கூட இல்லாமல் முப்பது நாள் இருக்கிறோம், அதன் பிறகு சாதாரண ஃபாஸ்டிங் ஏன் முடியவில்லை என்று எனக்கு நெடுநாள் கேள்வி இருந்தது. நோன்பு மாதத்தில் தெருவே எங்களோடு இருக்கிறது. விடியும் முன் சாப்பிடும் சஹருக்கு எழுப்ப ஆள் உண்டு. மாலைத் தொழுகையான அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பிள்ளைகள் நிற்பார்கள், பகலில் யாரும் டீக்கு அழைக்க மாட்டார்கள். பெருநாள் முடிந்த மறுநாள் அந்தத் துணை விலகிவிடுகிறது. அதனால் ரமலானை அடுத்து வரும் ஷவ்வால் மாதத்து ஆறு நோன்போடு திங்கள், வியாழன் நோன்பையும் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டோம். மற்ற நாளில் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடுவதில்லை என்று எங்களுக்குள் பேச்சு. ஒருவர் தளர்ந்தால் மற்றவர் போன் செய்வோம்.

கீழமாசி வீதிக்காரர் மீண்டும்:

செவிலியர் தங்கச்சி சொன்னதை எல்லோரும் வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். என் முதலாளிக்கும் காட்டினேன், அவரும் மாத்திரைக்காரர்தான்.

ஆடியில் பாண்டி கோவிலில் கிடா விருந்து இருக்கிறது, என்ன செய்வது என்று தனியாகக் கேட்ட தம்பிக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். விருந்து நடுப்பகலில்தான், அது நம் சாப்பாட்டு நேரத்துக்குள்ளேயே வருகிறது. போங்கள், உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுங்கள். அன்று மாலை பசித்தால் ஏழு மணிக்கு ஒரு டம்ளர் மோர், பசிக்காவிட்டால் அதுவும் வேண்டாம். மறுநாள் ஈடுகட்டுகிறேன் என்று இருபது மணி நேரம் பட்டினி கிடக்காதீர்கள். அப்படிக் கிடந்தவர்கள்தான் அன்று இரவே பரோட்டாக் கடையில் உட்கார்ந்தார்கள், எங்கள் மளிகைக் கடை ஆட்களிலேயே இருவரைப் பார்த்தேன். வழக்கம்போலப் பதினொரு மணிக்குச் சாப்பிட்டு, மாலை ஏழு மணியை மட்டும் தவறவிடாதீர்கள்.