மறு: எலுமிச்சைக்கு வருவது நீர் அழுத்தமா, வாட்டமா?

வணக்கம்ங்க. தண்ணீர் போதாமல் பயிர் படும் பாட்டை ஆங்கிலத்தில் 'வாட்டர் ஸ்ட்ரெஸ்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று நடக்கிற இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இனியும் சும்மா இருந்தால் 'நீர் அழுத்தம்' நம் கலைச்சொல் பட்டியலில் ஏறிவிடும் போலிருக்கிறது.

> வாட்டர் ஸ்ட்ரெஸ் = நீர் அழுத்தம். ஏற்கெனவே புழங்குகிறது, மாற்ற வேண்டாம்.

புழங்குகிறதுதான் அண்ணா. ஆனால் எங்கள் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டவரிடம் "மரத்துக்கு நீர் அழுத்தம் ஜாஸ்தி" என்று சொல்லிப் பாருங்கள். நேராகப் போய் வால்வைக் குறைத்து வைத்துவிடுவார். தவிக்கிற மரத்துக்கு வருகிற தண்ணீரும் போச்சு.

> நீர்த்தகைவு?

தகைவு இயற்பியல் பாடநூலில் கம்பிக்கும் உத்தரத்துக்கும் உரியதாகிவிட்டது. அங்கேயே இருக்கட்டும்.

> எங்க பக்கம் வாட்டம்னுதானுங்க சொல்றோம். அதையே வெச்சுக்கலாமே.

எனக்கும் முதலில் பிடித்தது இதுதான். கொத்தனாருக்கு வாட்டம் என்றால் தண்ணீர் ஓடும் சரிவு. அது போகட்டும், இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். என் தடை வேறு. பூ எடுக்க வேண்டி நாமே தண்ணீரை நிறுத்தி, இலை தொங்கும்வரை எலுமிச்சையைக் காயப்போடுகிறோமே, அது வாட்டம். பார்த்தாலே தெரியும். இலையின் வெப்பத்தை வைத்து இதை அளப்பவர்கள் தேடுவது பார்த்தால் தெரியாததை.

போன ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு அகச்சிவப்பு வெப்பமானியோடு தோட்டத்தில் இறங்கினேன். கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதற்கு அண்ணன் முறை. வெயில் படுகிற இலையாகப் பார்த்து நீட்டினேன். பக்கத்துப் பக்கத்து மரங்கள் இரண்டு. ஒரே பச்சை, ஒரே மினுமினுப்பு. ஒன்றின் இலை காற்றைவிட ஒரு டிகிரி சூடு, மற்றது நாலு டிகிரி. குனிந்து பார்த்தால் இரண்டாவது மரத்துச் சொட்டுவானில் (குழாயில் தண்ணீர் சொட்டும் வாய்) போர் தண்ணீர் உப்பு சுண்ணாம்பு மாதிரி அடைத்துக் கிடக்கிறது. இலை வாடவில்லை, இலைத்துளைகளை மூடிக்கொண்டுவிட்டது. நீராவி வெளியேறினால்தானே இலை குளிரும்? மூடினதும் சூடேறிவிட்டது. வாடாத மரத்தைக் காட்டி வாட்டம் என்று நான் எப்படிச் சொல்ல?

என் பரிந்துரை: நீர்த்தவிப்பு.

"தண்ணி தவிக்குது, ஒரு சொம்பு குடு கண்ணு" என்று கேட்கிற ஊர் நம்முடையது. தவித்து, பிறகுதானே வாடுவது? நீர்விடாய் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். தாகத்துக்குப் பழைய, அழகான சொல். ஆனால் இன்று முன்னால் 'மாத' சேராமல் யாருக்கும் நினைவு வராது.

சொல்லை ஓட்டிப் பார்த்தேன். 1981-இல் அரிசோனாவில் இட்சோ, ஜாக்சன் என்ற ஆய்வாளர்களின் குழு, இலைச் சூட்டை வைத்துப் பயிரின் தவிப்பை அளக்க வெளியிட்ட அளவுகோல் நீர்த்தவிப்புச் சுட்டெண் ஆகிறது. நன்றாகத் தண்ணீர் குடித்த பயிருக்கு 0, துளைகள் முழுக்க மூடிய பயிருக்கு 1. (அந்த 1 எவ்வளவு சூடு என்று அறிய ஓர் இலையில் வாசலின் தடவிப் பார்ப்பதும் உண்டு.) "தவிப்பு 0.6" உறுத்தாமல் நிற்கிறது.

> அதுக்கு வறட்சின்னே சொல்லலாமே தம்பி?

வறட்சி மண்ணுக்கும் வானத்துக்கும் உரியதுங்க ஐயா. எலுமிச்சை இனத்தில் காலடியில் ஈரம் இருந்தும், காற்று மிகவும் வறண்டால் இலை துளையைச் சாத்திக்கொள்ளும். அப்போது மண்ணில் வறட்சி இல்லை, இலையில் தவிப்பு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று உடுமலை, பல்லடம் பக்கம் வீசுகையில் இதற்கு நேர்மாறு: இலைச் சூடு காற்றின் சூட்டை ஒட்டிப் போய், தவிக்கிற மரமும் தவிக்காததுபோல் காட்டும். கருவியை மட்டும் நம்பினால் ஏமாந்துதான் போவோம்.

தெர்மல் கேமராவுக்கு 'அனல்படக் கருவி' என்றதற்கு: அனல்மின் நிலையம் சரி, நாலு டிகிரிக்கெல்லாம் அனல் அதிகம். வெப்பப்படமி போதும்.

என் சொல்லில் ஓட்டை ஒன்று உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். உப்பு மிகுந்து பயிர் படும் பாடான சால்ட் ஸ்ட்ரெஸ்ஸை 'உப்புத்தவிப்பு' என்றால் மரம் உப்புக்கு ஏங்குவதாகிவிடும். எங்கள் மாமா 'உப்புச்சுமை' என்கிறார். எனக்கு அரைமனதுதான். யாராவது யோசித்து எழுதுங்க. நான் சொட்டுவான்களை அமிலம் விட்டுக் கழுவிவிட்டுச் சாயங்காலம் வந்து பார்க்கிறேன்.