புதுப்பிப்பு: பவுடர் கலந்தும் எடை ஏறலையா?

குறைமாதக் குழந்தைக்குப் பிழிந்த தாய்ப்பாலில் சத்துப்பவுடர் கலப்பது பற்றிய என் பழைய பதிவுக்குக் கடலூர், புதுச்சேரி நர்ஸ்கள் கேட்டது ஒன்றுதான்: கலந்தும் எடை ஏன் ஏறவில்லை?

முதலில் அளவு. 1 கிராம் பாக்கெட் என்றால் பொதுவாக 25 மில்லிக்கு. கம்பெனி மாறினால் லேபிளைப் படியுங்கள். 5 மில்லியில் அரை பாக்கெட்டைக் கண்ணளவில் தட்டினால் செறிவு எகிறும், வயிறு உப்பும்.

அளவு சரி என்றால், கொழுப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். ஃப்ரிட்ஜ் பாலில் அது மேலே பிரிந்து நிற்கும். மெதுவாகச் சுழற்றிக் கலக்காமல் உறிஞ்சினால் சிரிஞ்சில் வருவது வெறும் அடிப்பால். பாலைச் சிரிஞ்ச் பம்பில் (சிரிஞ்சை மெதுவாகத் தள்ளும் கருவி) மணிக்கணக்காக ஓட்டினால் கொழுப்பில் கணிசமான பங்கு பால் போகும் ட்யூபிலேயே ஒட்டிக்கொள்ளும் (பம்ப் வசதிதான், நமக்கு!). முடிந்தால் சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, பால் தானாக இறங்கட்டும்.

தாய்ப்பால் வங்கியில் வாங்கும் பால் பெரும்பாலும் நிறைமாதத் தாய்மார் தந்தது. அதில் புரதம் குறைவு.

தினம் கிலோவுக்கு 15 கிராமாவது ஏற வேண்டும். அதே தராசு, அதே நேரம், துணியில்லாமல்.